கட்டைவிரல் போன கச்சேரி

இந்த ஊருக்கு வந்த புதிதில் ரொட்டிக் கடையில் நான் ஒன்று கேட்டால் இரண்டு கொடுத்தார்கள். மொழி வராத காலம். கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் உருண்டை ரொட்டியைக் காட்டி, நம்மூரில் காட்டுவதுபோல ஆள்காட்டி விரலை உயர்த்துவேன். கடைக்காரப் பெண் இரண்டைப் பையில் போட்டு நீட்டுவாள். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். பல வாரங்கள் கழித்துத்தான் காரணம் புரிந்தது. ஜெர்மனியில் எண்ணிக்கை கட்டைவிரலில் தொடங்குகிறது. ஒன்று என்றால் கட்டைவிரல். ஆள்காட்டி விரல் இரண்டாவது. நாமோ சுண்டுவிரலை மடக்கி ஒன்று என்று ஆரம்பிக்கிறோம், கட்டைவிரலுக்கு வரும்போது ஐந்தாகிவிடுகிறது. சொந்தக் கையிலேயே எது முதல், எது கடைசி என்று புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது.

தேனி மாவட்டத்தில் ஓடைப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். திராட்சைத் தோட்டத்துக் குடும்பம். திருமணமாகி ஏழு வருடங்களுக்கு முன் இங்கே வந்தேன். கணவர் வேறொரு நகரத்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போவார். நான் எங்கள் நான்கு வயது மகள் மகிழையும் கூட்டிக்கொண்டு தினமும் 'கீட்டா' என்று இவர்கள் சொல்லும் குழந்தைகள் காப்பகத்துக்குப் போகிறேன். அவள் அங்கே படிக்கிறாள், நான் அங்கே உதவியாளராக வேலை செய்கிறேன். மூக்கு துடைப்பது, காலணி மாட்டிவிடுவது, ஒரு நாளைக்கு முப்பது முறை கை கழுவிவிடுவது என் வேலை. தனலட்சுமி என்ற பெயர் இங்கே 'டானா' ஆகிவிட்டது.

சென்ற தை மாதம் என் குடியிருப்பு அட்டை காலாவதியானது. புதிய அட்டைக்கு முறையாக விண்ணப்பித்திருந்தேன். வெளிநாட்டினர் அலுவலகத்தில் ஆள் பற்றாக்குறை, ரேகை பதிய நாள் குறித்துக் கடிதம் வரும் என்றார்கள். அதுவரைக்கும் ஒரு தாள் தந்தார்கள். நான் இங்கே வசிக்கலாம், வேலை செய்யலாம் என்று அதில் இருந்தது. நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வரலாமா என்று மின்னஞ்சலில் கேட்டேன். பயணத்தைத் தவிர்ப்பது நல்லது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. முடியாது என்று சொல்லியிருந்தால்கூட யாரிடமாவது போய்ச் சண்டை போட்டிருக்கலாம்.

மாசி மாதம் அப்பா விழுந்தார். பந்தலுக்குக் கீழே மருந்தடிக்கிற குழாயில் கால் சிக்கி, இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. தம்பி பாண்டி மதுரைக்குக் கொண்டுபோய் அறுவைச் சிகிச்சை செய்தான். செய்தி வந்த அன்றே பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துணி அடுக்கினேன். கணவர் அந்தத் தாளை மேசைமேல் விரித்து மறுபடி மறுபடி படித்தார். நான் போய், திரும்ப முடியாமல் போனால் மகளை என்ன செய்வது, வேலை என்னாவது என்று பேசினோம். பெட்டி மூன்று நாள் கூடத்தின் நடுவில் நின்றது. மகிழ் அதன்மேல் ஏறி உட்கார்ந்து குதிரை ஓட்டினாள். நான்காம் நாள் துணிகளை எடுத்துப் பழையபடி அலமாரியில் வைத்தேன். அப்பா இருப்பது அம்மா இல்லாத வீடு. அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய நான், சன்னலோரம் உட்கார்ந்து பனி கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து தினமும் மதிய உணவு இடைவேளையில் அப்பாவைக் கூப்பிடுவது வழக்கமானது. அவர் அங்கே கட்டிலைவிட்டு இறங்க முடியாமல், நான் இங்கே ஊரைவிட்டு நகர முடியாமல்.

சித்திரை மாதம் கீட்டாவின் தலைவி பிர்கிட் ஒரு யோசனை சொன்னாள். ஐம்பது வயதைத் தாண்டியவள், நல்ல மனசுக்காரி. இங்கே சிறு பிள்ளைகளுக்கு விரல் விளையாட்டுப் பாட்டு என்றால் உயிர். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு வரி சொல்லிக்கொண்டே மடக்குவது, நீட்டுவது. பல நாட்டுக் குடும்பங்கள் இருப்பதால், அவரவர் ஊரின் விரல் பாட்டு ஒன்றைக் கொண்டுவந்து சொல்லித்தர வேண்டும் என்றாள். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் தெருவில் எந்தக் குழந்தைக்குச் சோறூட்டி முடித்தாலும் பெண்கள் அதன் கையைப் பிடித்துப் பாடுகிற பாட்டு ஒன்று உண்டு.

சுண்டுவெரலு சோறு தின்னுச்சு
மோதிரவெரலு மோரு குடிச்சுச்சு
நடுவெரலு நடைய சாத்துச்சு
ஆள்காட்டி அடுப்ப அணைச்சுச்சு
கட்டவெரலு கருப்பு ராசா
மையப் பூசிக் கச்சேரி போனாக
கோழி கூப்பிட வருவாக
கூப்பிட்ட பேருக்கு நிப்பாக

கடைசி வரிக்கு வரும்போது குழந்தையின் கட்டைவிரலைப் பிடித்து நம் உள்ளங்கையில் வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உருட்டி அழுத்த வேண்டும். கூசும். குழந்தை சிரிக்கும். அதுதான் விளையாட்டு.

வட்டமாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்த ஜெர்மனில் பொருள் சொன்னேன். நான்கு விரல்கள் சாப்பிட்டு, கதவை மூடி, அடுப்பணைத்துத் தூங்கிவிட்டன. கட்டைவிரல்தான் ராசா. அவர் கண்ணுக்கு மை பூசி அலங்காரம் செய்துகொண்டு பாட்டுக் கச்சேரிக்குப் போகிறார். விடிந்ததும் வந்துவிடுவார். நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வந்து முன்னால் நிற்பார். நானும் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிர்கிட் கைதட்டினாள். மறுநாள் சுவர் முழுக்கக் கட்டைவிரல்கள். வயலின் வாசிக்கிற கட்டைவிரல், தொப்பி போட்ட கட்டைவிரல், கண்மை வழிந்து அழுவதுபோலத் தெரிகிற கட்டைவிரல். இருபது ஜெர்மன் வாய்கள் 'கச்செரி, கச்செரி' என்று கத்தின. பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குள் ஒரு லேசான சந்தோசம் இருந்தது.

லீனா என்று ஐந்து வயதுக் குழந்தை ஒருத்தி. எதையும் சும்மா விடமாட்டாள். இரண்டு நாள் கழித்து, காலணி மாட்டிவிடும்போது கேட்டாள்.

"டானா, கச்சேரி ராத்திரி முழுக்கவா நடக்கும்?"

"ஆமாம்."

"மற்ற விரல்களை ஏன் கூட்டிக்கொண்டு போகவில்லை?"

"அவை தூங்கிவிட்டன."

"தூங்குவதற்கு முன்னாலேயே கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே. அவருக்குப் போக விருப்பமா?"

அடுத்த காலணியை எடுத்து மாட்டிவிட்டேன். அன்று மதியம் அப்பாவைக் கூப்பிட்டபோது, அவரைச் சிரிக்க வைக்கலாம் என்று பிள்ளைகள் பாடிய காணொளியை முதலில் அனுப்பிவைத்துவிட்டு லீனாவின் கேள்வியைச் சொன்னேன். "ஏன்ப்பா, ராத்திரி முழுக்க என்ன கச்சேரிப்பா அது? திருவிழாக் கச்சேரியா?"

அப்பா சிரிக்கவில்லை.

"அது பாட்டுக் கச்சேரி இல்லத்தா" என்றார்.

"பெறகு?"

"போலீஸ் கச்சேரி. ஸ்டேசன அப்பல்லாம் கச்சேரின்னுதான் சொல்லுவாக."

"அப்ப மை?"

"கண்ணுல போடுற மை இல்ல. வெரல்ல தடவுற மை."

இந்தப் பாட்டை யாராவது பாடினால் அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எனக்கும் தம்பிக்கும் அவர் ஒருநாளும் அந்த விளையாட்டைக் காட்டியதில்லை. பொம்பளைப் பிள்ளைகள் பாட்டு, அவருக்குப் பிடிக்காது என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம்.

"எங்கய்யா பேரு சட்டத்துல இருந்துச்சு" என்று என் தாத்தாவைச் சொன்னார். கைரேகைச் சட்டத்தைத்தான் அவர் வயதுக்காரர்கள் வெறுமனே சட்டம் என்பார்கள். வெள்ளைக்காரர் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் அது, நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்குள் அது வந்து போயிருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. "ஊருல வயசுக்கு வந்த ஆம்பள அம்புட்டுப் பேரும் இருந்தாக. பொழுது எறங்குறதுக்குள்ள கச்சேரிக்குப் போயிரணும். பேரக் கூப்பிடுவாக, எந்திரிச்சு நிக்கணும். அங்கனதான் படுக்கணும். கோழி கூப்பிட்டாத்தான் விடுவாக. அடுத்த ஊருக்கு ஒரு சோலியாப் போறதுன்னாலும் சீட்டு வாங்கணும்."

"என்னப்பா பண்ணுனாரு அவரு?"

"என்ன பண்ணுனாரு? பொறந்தாரு."

பிறகு, நான் கேட்காமலேயே மற்றதையும் சொன்னார். அவருக்கு முன்னால் ஓர் அக்கா பிறந்திருக்கிறாள். அப்படி ஒருத்தி இருந்தாள் என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது. மூன்று வயதில் கடும் காய்ச்சல். "ஆளு ஓடிப்போயிக் கச்சேரில சொல்லியிருக்காக. விடல. கணக்குல ஆளு கொறையுமாம். கோழி கூப்பிட்ட பெறகுதான் வந்தாராம். அதுக்குள்ள பிள்ளையத் துணியில சுத்தி வச்சிருக்காக." அப்பாவின் குரல் மாறவில்லை. எழுபத்தைந்து வயதில், தான் பார்க்காத அக்காவைப் பற்றி, யாரோ சொல்லிக் கேட்டதைச் சொல்கிற குரல்தான். "அந்தப் பிள்ளைக்கு எங்காத்தா இதத்தான் பாடுமாம். அதுக்குப் பெறகு எங்க வீட்டுல யாரும் பாடல. தெருவுல பாடுனாக, யாரு என்ன சொல்ல முடியும்?"

"யாருப்பா கட்டுனது?"

"யாருக்குத் தெரியும். எங்கப்பன் எங்கனன்னு கேக்குற பிள்ளைக்கு என்னத்தச் சொல்லுவாக? கச்சேரின்னு சொன்னாக. ராசான்னு சொன்னாக."

இடைவேளை முடிந்து பிள்ளைகள் உள்ளே வரும் சத்தம் கேட்டது. வைக்கிறேன் என்றேன். அப்பா அவசரமாகச் சொன்னார்: "ஏத்தா, இந்த விவரமெல்லாம் அங்கன யாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத. உனக்குச் சீட்டு தரணும்ல அவுக?"

குடியிருப்பு அட்டையைத்தான் சீட்டு என்றார்.

அன்று முழுக்க அந்தப் பாட்டு என் கைக்குள் இருந்தது. இருபது குழந்தைகளின் கையைக் கழுவிவிடும்போதும் கட்டைவிரலைத்தான் பார்த்தேன். மற்ற நான்கு விரல்களும் தின்னுச்சு, குடிச்சுச்சு, சாத்துச்சு, அணைச்சுச்சு. கட்டைவிரலுக்கு மட்டும் போனாக, வருவாக, நிப்பாக. வீட்டு ஆம்பளையை மரியாதையாகச் சொல்லும் சொல் அது. பாட்டைக் கட்டிய பெண்ணோ பெண்களோ, காக்கிச்சட்டைக்காரன் 'ஏலே' என்று கூப்பிட்ட மனிதரைத் தங்கள் பிள்ளையின் உள்ளங்கைக்குள் 'வருவாக' என்று வைத்துப் பாடியிருக்கிறார்கள். கூசுவதற்காக உருட்டுகிறோம் என்று நான் நினைத்திருந்தது, மைத்தட்டில் விரலை உருட்டிக் காகிதத்தில் பதித்த அசைவு. அதை அறியாமலேயே மூன்று தலைமுறைக் குழந்தைகள் அதற்குச் சிரித்திருக்கிறோம். நான் இருபது வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் பிர்கிட் உற்சாகமாக வந்தாள். கோடை விழாவுக்கு இந்தப் பாட்டுத்தான் என்று முடிவு செய்துவிட்டாளாம். நீளமான வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டுவோம், ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் வாசிப்போம், அது எழுந்து நிற்கும், கட்டைவிரலில் கறுப்பு வர்ணம் தடவித் துணியில் பதிக்கும், பெற்றோர் கைதட்டுவார்கள். "உன் பாட்டில் அப்படியே இருக்கிறதே, டானா! மை, பெயர், நிற்பது!" என்றாள். பெயர்களை நான்தான் வாசிக்க வேண்டும். பட்டியலை என் கையில் கொடுத்தாள். பதினான்காவது பெயர் என் மகளுடையது.

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? என் விண்ணப்பத்தோடு வைத்த வேலைச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டவள் அவள். எங்கள் குடும்பமே ஒரு காலத்தில் போலீஸ் பதிவேட்டில் இருந்தது என்று அவளிடம் சொன்னால் எதை எப்படிப் புரிந்துகொள்வாளோ? அப்பாவின் பயம் தொலைபேசி வழியாக வந்து என்னைப் பிடித்துக்கொண்டது. இத்தனைக்கும் இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். தாத்தாவை யாரும் கேட்கவில்லை. நான் விமானச்சீட்டு எடுத்து, நானாக வந்தவள். ஆனாலும் தினமும் மாலையில் தபால்பெட்டியைத் திறந்து, உள்ளே கைவிட்டுத் துழாவி, வெறுங்கையை எடுக்கும்போது, அப்பாவின் கட்டிலுக்கும் எனக்கும் நடுவில் யாரோ ஒருவர் ஏட்டை விரித்து உட்கார்ந்திருப்பதாகத்தான் தோன்றியது.

ரேகை பதிய நாள் குறித்துக் கடிதம் வைகாசியில் வந்தது. அலுவலகத்தில் மரியாதையான இளைஞர் ஒருவர் இருந்தார். கண்ணாடிமேல் ஆள்காட்டி விரலை வைக்கச் சொன்னார். இயந்திரம் ஏற்கவில்லை. துடைத்து மறுபடி வைத்தேன். ஏற்கவில்லை. கீட்டாவின் கிருமிநாசினியும் ஓயாமல் கை கழுவுவதும் என் ரேகைகளைத் தேய்த்துவிட்டிருந்தன. "கட்டைவிரலைப் பார்ப்போம்" என்றார். நான் வைத்தேன். வைத்த விரல் தானாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது.

"நிஷ்ட் ரோலன்" என்றார். உருட்ட வேண்டாம். "வைத்தாலே போதும். உருட்டி எடுப்பது போலீஸில்தான். எங்கே கற்றுக்கொண்டீர்கள்?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"ஷ்பீல்" என்றேன். விளையாட்டு. வேறு சொல் வாயில் வரவில்லை.

அவருக்குப் புரியவில்லை. தலையாட்டிவிட்டுத் திரையைப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்தது. நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். பொய் சொன்னேனா உண்மை சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. அவர் கோபப்படக்கூட இல்லை. எதற்கு இப்படிப் பயப்படுகிறேன் என்று எனக்கே என்மேல் ஆத்திரம் வந்தது. அங்கிருந்து நேராகக் கீட்டாவுக்குப் போய் பிர்கிட்டின் அறைக் கதவைத் தட்டினேன்.

சொன்னேன். திக்கித் திக்கி, தப்பும் தவறுமாக. பிர்கிட் முகம் மாறிக் கேட்டாள், "உன் தாத்தா சிறையில் இருந்தாரா?"

"சிறை இல்லை. தினமும் இரவில் மட்டும்."

"எதற்காக?"

"ஃப்யூர் நிஷ்ட்ஸ்" என்றேன். ஒன்றுமில்லாததற்காக என்று பொருள்படச் சொன்னேன். அவளோ நான் பேச்சைத் தட்டிக்கழிப்பதாக எடுத்துக்கொண்டு, "பரவாயில்லை டானா, நீ சொல்ல விரும்பவில்லை என்றால் நான் கேட்கவில்லை" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள். நான் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். சட்டம், பெயர் கூப்பிடுவது, மை, மூன்று வயதுக் குழந்தை. இந்த முறை புரிந்தது. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். இங்கேயும் தாலாட்டுகளுக்குள் யுத்தமும் பட்டினியும் ஒளிந்திருக்கின்றன என்றாள். மன்னித்துக்கொள் என்றாள். பிறகு எழுந்து போய், சுவரிலிருந்த படங்களை ஒவ்வொன்றாக, கிழிந்துவிடாமல் எடுத்தாள். "இது குழந்தைகளுக்கானது இல்லை. இனிப் பாட வேண்டாம்."

அவள் செய்தது மரியாதைக்காகத்தான். ஆனால் நான் அதைக் கேட்டு வரவில்லை. பாட வேண்டாம் என்று யார் சொன்னது? குழந்தைகளுக்காகத்தானே கட்டினார்கள்? அதைச் சொல்லுமளவுக்கு ஜெர்மன் என்னிடம் இல்லை. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி நின்றேன். துணி, வர்ணம், பெயர்ப் பட்டியல் எல்லாம் போயின. கோடை விழாவில் பிள்ளைகள் தவளைப் பாட்டுப் பாடினார்கள்.

ஆனால் பிர்கிட்டால் சுவரைத்தான் காலியாக்க முடிந்தது. ஆனி மாதத்து மாலை ஒன்றில் மணல்தொட்டியில் லீனா தன் தம்பியின் விரல்களைப் பிடித்து முணுமுணுப்பதைக் கேட்டேன். தமிழும் இல்லாத, ஜெர்மனும் இல்லாத ஏதோ ஒன்று. சோறு மட்டும் தெளிவாகச் 'சோறு' என்றிருந்தது. கட்டைவிரலுக்கு வந்ததும் அவள் நிறுத்தி, "இவர் போகவில்லை. வீட்டிலேயே இருந்துவிட்டார்" என்று ஜெர்மனில் சொல்லி, அதை மற்ற நான்கு விரல்களுக்குள் வைத்து மூடினாள். நான் மணலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் அப்பாவிடம் சொன்னேன். "யாரு அந்தப் பிள்ள?" என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

அட்டை ஆவணியில் வந்தது. மகிழைக் கூட்டிக்கொண்டு பதினாறு நாள் ஊருக்குப் போனேன். அப்பா நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்து நின்றார். அறுவைச் சிகிச்சையின்போது நான் இல்லாததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "என்னைக்குத் திரும்புற?" நான்காம் நாளிலிருந்து எனக்கே நாள் எண்ணும் புத்தி வந்துவிட்டது. மகிழ் தோட்டத்தில் பாண்டியின் பிள்ளைகளோடு ஓடியாடினாள். நான் அப்பாவின் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தபோதும் கைப்பையில் அட்டை இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கிளம்பும் நாள் அப்பா மகிழின் நெற்றியில் திருநீறு பூசினார், எனக்கும் பூசினார். பிறகு, "அந்தச் சீட்டக் காட்டு, பாப்பம்" என்றார். எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

"இதுல ரேகை எங்கன இருக்கு?"

"உள்ள இருக்குப்பா. சிப்புல."

"கண்ணுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

என் படத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரலை வைத்து மெதுவாகத் தடவினார். "இருக்கட்டும். பத்திரமா வச்சுக்க" என்று திருப்பிக் கொடுத்தார். பாண்டி காரைக் கிளப்பினான். சின்னமனூர் தாண்டிய பிறகுதான் பார்த்தேன், அட்டையின்மேல் திருநீற்றில் அப்பாவின் விரல் அச்சு அப்படியே விழுந்திருந்தது. கோடு கோடாக, சுழி தெரிய. துடைக்க மனம் வரவில்லை. கலைந்துவிடாமல் ஒரு காகித உறைக்குள் செருகிக்கொண்டேன்.

ஜெர்மன் விமான நிலையத்தில் வரிசை நீளமாக இருந்தது. மகிழ் என் தோளில் தூங்கிவிட்டாள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரி கடவுச்சீட்டையும் அட்டையையும் வாங்கினார். அட்டையைச் சாய்த்துப் பார்த்து முகம் சுளித்தார். திட்டவில்லை. மேசையிலிருந்த சின்னத் துணியை எடுத்து, அழுக்கைத் துடைப்பதுபோல இரண்டு முறை அழுத்தித் துடைத்துவிட்டு இயந்திரத்தின் கண்ணாடிமேல் வைத்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போகலாம் என்று கையசைத்தார். அட்டையை எடுத்துக்கொண்டபோது கண்ணாடியின் ஓரத்தில் கொஞ்சம் சாம்பல் ஒட்டியிருந்தது. எனக்குப் பின்னால் நின்றவர் முன்னே வந்து அதன்மேல் தன் கடவுச்சீட்டை வைத்தார்.